காணவில்லை என்றேன், கைதட்டினார்கள்

“என் மகளைக் காணவில்லை” என்று மைக்கில் சொன்னேன். கைதட்டினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். நற்பணி மன்றத்தின் ஆண்டு விழா. சிறப்புப் பேச்சாளர் நான்தான். இதை எழுத உட்கார்ந்து, அடித்த வரியையே திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், மேடைதான் என் பிழைப்பு. விடுமுறை நாட்களில் நகைச்சுவைப் பேச்சு. மற்ற நாட்களில் பேச்சுப் பயிற்சி வகுப்பு. கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், வார்டு மெம்பர்கள் வருவார்கள், மாமனாருக்குப் பயந்து கல்யாண வீட்டில் பேச வேண்டிய மாப்பிள்ளைகளும் வருவார்கள்!

முதல் பாடம், பேச்சின் வகைகள். தகவல் சொல்கிற பேச்சு ஒன்று. நம்மைத் தன் பக்கம் இழுக்கிற பேச்சு ஒன்று... தேர்தல் சமயத்தில் ஆட்டோவில் வருமே, அது. சிரிக்க வைக்கிற பேச்சு என் கடைச் சரக்கு. அப்புறம் வரவேற்புரை, இரங்கலுரை, நாற்காலியை அடுக்க ஆரம்பித்த பிறகு யாருமே கேட்காத நன்றியுரை.

அடுத்தது, பேசும் முறை. எழுதிக்கொண்டு வந்து வாசிப்பவர் தலையே நிமிர மாட்டார். மனப்பாடம் செய்தவருக்கு நடுவில் ஒரு வரி மறந்தால் ஆள் காலி. துண்டுச் சீட்டில் குறிப்பு வைத்திருப்பவர் எப்படியோ கரையேறிவிடுவார். கையில் எதுவும் இல்லாமல், முன்கூட்டித் தெரியாமல், எழுந்து நின்று பேசுவது இருக்கிறதே... அதைக் கடைசி வகுப்பில்தான் எடுப்பேன். அவ்வளவு கஷ்டம்.

இதையெல்லாம் கரைத்துக் குடித்தவள் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. போன ஞாயிறு வரைக்கும்.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். கருங்கல் என்ற ஊரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். மைக் என்றாலே அலர்ஜி. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் “உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்” என்றார்கள். மனிதர் எழுந்து என் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் என் கூட்டம் எதையும் விடமாட்டார். மகள் யாழினியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருப்பார். அவள் யுகேஜி படிக்கிறாள்.

அன்றைக்கும் அப்படித்தான். கூட்டம் நிறைந்திருந்தது. மைதானத்துக்கு ஒரு பக்கம் நாகர்கோவில் பஸ் போகிற ரோடு. பின்பக்கம் வயலுக்குத் தண்ணீர் போகும் சானல், கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. வரும்போதே பார்த்தேன். “பிள்ளைய விட்டுராதீங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

என் ஆஸ்தான ஜோக் ஒன்று உண்டு. கருங்கல் சந்தையில் புருஷனைத் தொலைத்த கதை. “மைக்குல சொல்லப் போனேன் மக்கா. ஆளு அடையாளம் சொல்லுங்கன்னு கேட்டாவ. வீட்ல வாயே தொறக்க மாட்டாருன்னு சொன்னேன். அங்க நின்ன அத்தன ஆம்பிளையளும், நான்தான் நான்தான்னு கைய தூக்கிட்டு வாறாவ!” எந்த ஊரிலும் தோற்காத ஜோக் இது. அன்றும் பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவர் மேடை ஓரமாக வந்து நின்றார். மடியில் பிள்ளை இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏட்டி... யாழினிய காணல.”

கடையிலிருந்து போன் வந்திருக்கிறது. என் ஸ்பீக்கர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. “இங்கயே இரி மக்களே” என்று அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு பந்தலுக்கு வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்தால் நாற்காலி காலி. பின்வரிசை, ஐஸ் வண்டி, பைக் நிறுத்திய இடம் என்று எல்லாம் தேடிவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

வெப்ராளம் என்று எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு. நெஞ்சு அடித்துக்கொள்ளும், நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. எனக்கு அது கால் விரலிலிருந்து ஏறியது. ரோடு... பஸ்... சானல். கண்ணுக்குள் வேறு எதுவுமே வரவில்லை.

ஆனால் கையில் மைக் இருக்கிறதே! இதைவிட நல்ல வசதி யாருக்குக் கிடைக்கும்?

“ஒரு நிமிஷம்... என் மகளைக் காணவில்லை.”

பந்தலே அதிர்ந்தது. விசில் வேறு! முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, “புருசன் கெடச்சாச்சு, இப்ப மவளா?” என்று கத்தினார். அதற்கு ஒரு கைதட்டல்.

“சிரிக்காதீங்க. நெசமாட்டுதான் சொல்லுகேன்!”

இன்னும் பெரிய சிரிப்பு. ஏன் தெரியுமா? ஒவ்வொரு ஜோக்குக்கும் முன்னால் நான் சொல்கிற வரியே அதுதான். “நெசமாட்டுதான் சொல்லுகேன்” என்று நான் ஆரம்பித்தால், அடுத்து பொய் வருகிறது என்று ஜனங்களுக்குத் தெரியும்.

குரல் உடைந்துவிட்டது. அழுதேன். அதற்கும் சிரித்தார்கள். மாமியார் மாதிரி அழுது காட்டுவது என் இன்னொரு ஸ்பெஷல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மன்றச் செயலாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்... எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்னிடம் இருந்த குரலையெல்லாம் ஜோக்குக்குச் செலவழித்துவிட்டேன். நிஜத்துக்கென்று ஒரு குரலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பேசத் தெரிந்தவள் பேசியும் ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழவில்லை. மைக்கைக் கீழே போடப் போனேன்.

என் வீட்டுக்காரர் மேடையேறி அதை வாங்கினார்.

வாயோடு ஒட்டிப் பிடித்தார். ஸ்பீக்கர் ‘கூ’வென்று அலறியது. கூட்டத்தைப் பார்க்கவே இல்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வணக்கம் இல்லை, அவையோர் இல்லை, ஒன்றும் இல்லை.

“பிள்ளைய... பிள்ளைய காணல.”

ஸ்பீக்கரில் அவர் மூச்சு இரைந்தது.

“மஞ்ச கவுனு போட்டிருக்கு. யாழினின்னு பேரு. எம் பிள்ள...”

அதற்கு மேல் வரவில்லை.

பந்தல் அப்படியே எழுந்தது. நாற்காலிகள் சாய்கிற சத்தம். “ஏலே, சானல் பக்கம் ஓடுங்கலே!” என்று ஒரு குரல். “ரோட்டுக்குப் போயி வண்டிய எல்லாம் நிப்பாட்டுங்க!” என்று ஒரு பெண். கொஞ்சம் முன்னால் “மவளா?” என்று கத்தினாரே, அவர்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடினார். செல்போன் டார்ச்சுகள் நாலா பக்கமும் சிதறின. செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிருங்கக்கா... நாங்க வெளையாட்டுன்னு நெனச்சிட்டோம்” என்று அழாத குறையாகச் சொன்னார். அவரைச் சொல்லி என்ன?

என் வகுப்பில் சொல்லித் தருகிற அத்தனை விதியையும் என் வீட்டுக்காரர் மீறியிருந்தார். கண்ணைப் பார்த்துப் பேசு என்பேன், அவர் செருப்பைப் பார்த்தார். குரல் நடுங்கக்கூடாது என்பேன், அவருக்குக் குரலே பாதிதான் வந்தது. தகவல் சொல்கிற பேச்சுக்கு முழு விவரம் வேண்டும் என்பேன், எத்தனை வயது என்றுகூட அவர் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஊரே எழுந்து ஓடியது. பயத்தை மறைப்பது எப்படி என்றுதான் நான் இத்தனை நாளாகப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மறைக்காத பயத்துக்கு இவ்வளவு மரியாதை இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

நானும் சானல் பக்கம் ஓடப் படியிறங்கினேன். அப்போதுதான் அழுகைச் சத்தம் கேட்டது. ரோட்டிலிருந்தோ தண்ணீர்ப் பக்கமிருந்தோ இல்லை. மேடைக்கு அடியிலிருந்து.

பலகை மேடை. சுற்றிலும் துணி கட்டியிருந்தார்கள். துணியைத் தூக்கிக்கொண்டு முதலில் தலையில் பூ வைத்த ஒரு சின்னப் பெண், செயலாளரின் மகளாம், தவழ்ந்து வெளியே வந்தாள். பின்னாலேயே மஞ்சள் கவுன். முழங்காலெல்லாம் மண், கை நிறைய மாலையிலிருந்து உதிர்ந்த செவ்வந்தி. “அப்பா... அப்பா...” என்று தேம்பிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் அடியில் உட்கார்ந்து வீடு கட்டி விளையாடியிருக்கிறார்கள். என் காலடியில்!

அவர் அவளைத் தூக்கிக்கொண்டு அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். சானல் பக்கம் போனவர்களைத் திருப்பிக் கூப்பிட வேண்டியிருந்தது. அதற்கும் நான் மைக்கைத் தொடவில்லை. செயலாளரே மைக்கில் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் குலசேகரத்தில் கூட்டம். போஸ்டர் அடித்துவிட்டார்கள், சிரித்த முகத்தோடு என் படம். போகவா வேண்டாமா என்று தெரியவில்லை. சந்தை ஜோக்கைச் சொல்லமாட்டேன், அது நிச்சயம். அதை விட்டால் போதுமா? நாளைக்கே இன்னொரு நிஜம் வந்து, அவரும் பக்கத்தில் இல்லாவிட்டால்? ராத்திரி இதை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து முழங்காலைக் கழுவிவிடும்போது யாழினியிடம் கேட்டேன். “அம்மா மைக்குல உன்னக் காணலன்னு சொன்னது கேட்டியா மக்களே?”

“கேட்டேனே.”

“பின்ன ஏன் வெளிய வரல்ல?”

“எல்லாரும் சிரிச்சாவல்லா... நானும் சிரிச்சேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, கண் மறுபடி கலங்கச் சொன்னாள். “அப்பா சொன்னப்பதாம்மா நான் காணாம போயிட்டேன்னு தெரிஞ்சுது.”