சுத்துவழியும் கழுகுப்பாறையும்

சாமைக்கொல்லை என்கிற அந்த மலையூருக்கு வெளியூர்க்காரர்கள் நடப்பதற்கென்றே வருவார்கள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் பாஞ்சாலை சிரித்திருப்பாள். அந்த ஊரில் நடை என்பது பஸ் இல்லாத குறைக்குச் செய்கிற காரியம். ரேஷனுக்கு நடக்க வேண்டும், புதூர்நாட்டுச் சந்தைக்கு நடக்க வேண்டும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் நடக்க வேண்டும். அதை ஆசைப்பட்டு ஒருத்தர் செய்வார், அதுவும் சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து செய்வார் என்பது அவளுக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

ஆனாலும் வந்தார்கள். ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய நவீன்குமார் வீட்டு மேல் இரண்டு அறை கட்டி, வருகிறவர்களைத் தங்கவைத்தான். தங்கியவர்கள் பார்க்க இடம் கேட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் பேசி, பழைய தடங்களில் மண்டிய புதரை வெட்டி, பாறையிலும் மரத்திலும் பெயிண்டால் அம்புக்குறி போட்டார்கள். மஞ்சள் அம்பு ஓடையோரமாக அருவிக்குப் போகும். சிவப்பு அம்பு ஊருக்குப் பின்னால் செங்குத்தாய் நிற்கும் கழுகுப்பாறை உச்சிக்குப் போகும். கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் பாஞ்சாலையைக் கைகாட்டினார்கள். சாமை அறுப்பு முடிந்தால் கடுக்காய் பொறுக்கவும் சீத்தாப்பழம் பறிக்கவும் காடு முழுக்கச் சுற்றுகிறவள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலும் ஏற்றத்தில் பேச்சை நிறுத்தாமல் நடப்பாள். பின்னால் வருகிறவர்கள்தான் மூச்சு வாங்கிக்கொண்டு "உம்" கொட்டுவார்கள்.

ஒரு தடவை பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எல்லோரும் அருவிக்குக் கிளம்ப, முழங்கால் வலிக்காரரான பெரியம்மா ஒருவர் மட்டும் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் திரும்பியபோதும் அதே நாற்காலியில்தான் இருந்தார். மலைக்கு வந்து அவர் பார்த்தது நவீன்குமாருடைய மாட்டுக் கொட்டகையைத்தான். பாஞ்சாலைக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்பா நவீனு, ஏறாம எறங்காம போறதுக்கும் ஒரு வழி கீதே. சுத்துவழி."

"எந்த வழி அத்த? நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே."

அவன் கேள்விப்பட்டிருக்க முடியாது. அவன் பிறப்பதற்கு முன்பே அந்த வழியில் ஆள் நடமாட்டம் நின்றுவிட்டது.

பாஞ்சாலை சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் கழுகுப்பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் செங்குத்தான நெட்டுவழியில் ஏறி, மலைத்தோளைத் தாண்டி, சறுக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் இறங்குவார்கள். அவள் வயதுத் தோழி சம்பூர்ணத்தால் மட்டும் அது முடியாது. தவழ்கிற வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுக்கு வலது கால் சூம்பிப்போயிருந்தது. அவளுடைய அப்பா மலையின் இடுப்பைச் சுற்றி ஆடு மேய்கிற தடம் ஒன்றைக் கண்டுபிடித்து, கொடுவாளால் முள்ளை ஒதுக்கி, மகளை அதில் நடத்திப் பழக்கினார். துணைக்குப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை சேர்ந்துகொண்டாள். மற்ற பிள்ளைகள் விழித்து முகம் கழுவும்போது இவர்கள் இரண்டு பேரும் கிளம்பிப் பாதி வழி போயிருப்பார்கள்.

அந்தத் தடத்தைத் திறக்க வேண்டும் என்று முடிவானதும் பாஞ்சாலை கொடுவாளோடு முதல் ஆளாக உள்ளே நுழைந்தாள். உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு அடைத்துக் கிடந்தது. வெட்ட வெட்ட அடியிலிருந்து பழைய வழி துலங்கிக்கொண்டே வந்தது. இந்த வளைவில்தான் சம்பூர்ணம் நெல்லிக்காயைக் கடித்துவிட்டு ஓடைத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, "இனிக்குதா, இனிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இந்தப் பாறை இடுக்கில் ஒரு காட்டுக்கோழி அடைகாத்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் தலைமேல் கைவைத்துச் சத்தியம் பண்ணினார்கள். மழைநாளில் கல்வாழை இலையைப் பறித்துத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரித்துக்கொண்டு நடந்தது, ஈரப் பாவாடை காலில் ஒட்டியது, பையில் இருந்த களி நனைந்து குழைந்துபோனது எல்லாம் அங்கங்கே மண்ணிலேயே கிடந்தது போல அவளுக்கு ஞாபகம் வந்தது. கூட வெட்டிக்கொண்டிருந்தவர்கள், "இன்னா பாஞ்சால, தனியா சிரிக்கற?" என்று கேலி செய்தார்கள்.

ஓடை குறுக்கே வரும் இடத்தில் தட்டைக் கற்களைப் பாவினார்கள். சரிவாயிருந்த ஓரங்களில் கல் அடுக்கினார்கள். அங்கங்கே உட்கார மரக்கட்டை போட்டார்கள். பச்சை அம்பு வரைந்தார்கள். கைத்தடியோடு வந்தவர்களும், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்களும் அதில் நடந்து போய், திரும்பி வந்து, காடு பார்த்தோம் என்றார்கள். பாஞ்சாலைக்குப் பெருமை தாங்கவில்லை. இதைச் சம்பூர்ணம் பார்க்க வேண்டுமே என்று நாளுக்கு நாள் ஆசை கூடியது.

சம்பூர்ணத்தின் குடும்பம் அவள் பெரியவளான பிறகு மலையை விட்டு இறங்கி ஆலங்காயத்துக்குப் போய்விட்டது. அங்கே தையல் படித்து, கடைவீதியில் கடை வைத்து, இப்போது அவளிடம் நான்கைந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். மூன்று சக்கர ஸ்கூட்டியில் வாணியம்பாடி வரைக்கும் தனியாகப் போய்த் துணி எடுத்து வருவாள். பாஞ்சாலை சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கீழே போனால் அவள் கடையில் டீ குடிக்காமல் திரும்புவதில்லை. ஆனால் சம்பூர்ணம் மலைக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது.

"நம்ம வழியத் தொறந்துட்டோம்டி. வந்து பாரு," என்று பாஞ்சாலை போனில் கூப்பிட்டாள்.

தை மாதம், பனி விலகிய ஒரு காலையில் பாஞ்சாலையின் புருஷன் சின்னராஜ் தன் ஜீப்பில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டு அக்குளிலும் கட்டை ஊன்றிக்கொண்டு சம்பூர்ணம் பச்சை அம்பு வழியில் நடந்தாள். பாஞ்சாலை ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். நெல்லி மரம். கோழி அடைகாத்த இடுக்கு. ஓடை. சம்பூர்ணம் பார்த்தாள், தலையாட்டினாள், "ஆமாண்டி" என்றாள். நெட்டுவழி பிரிகிற நாவல் மரத்தடிக்கு வந்ததும் மரக்கட்டையில் உட்கார்ந்து, ஊன்றுகட்டைகளைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மரக்கிளைக்கு மேலே கழுகுப்பாறை வெயிலில் பளபளத்தது.

"இன்னாடி, புடிக்கலியா?" என்றாள் பாஞ்சாலை.

"நல்லாத்தான் கீது. நீ பட்ட பாடு தெரியுது." மேலே பார்த்தபடியே கேட்டாள். "வெள்ளிக்கெழம சாயங்காலம் இந்த எடத்துல நான் இன்னா பண்ணுவேன்னு ஒனக்கு ஞாபகம் கீதா?"

பாஞ்சாலை யோசித்தாள். வரவில்லை.

"பள்ளிக்கூடம் வுட்டதும் நீங்க எல்லாரும் இங்கேர்ந்து உச்சிக்கு ஓடுவீங்க. நீயுந்தான். ஒங்க பையெல்லாம் எம்மடியில போட்டுட்டுப் போவீங்க. நான் இங்கியே ஒக்காந்து காவல் காப்பேன். மேலேர்ந்து நீங்க கத்துற சத்தம் மட்டும் வரும். ஆலங்காயம் தெரியுது, ரோடு தெரியுது, பஸ்ஸு தெரியுதுன்னு."

பாஞ்சாலைக்கு முகம் வாடிப்போனது. "நம்ம வழின்னு நெனச்சினு இருந்தேன்டி."

"ஒனக்கு அது நம்ம வழி. எனக்கு வேற வழி இல்லாத வழி." சொல்லிவிட்டுச் சம்பூர்ணம் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "மூஞ்சியத் தூக்காத. நீ இல்லேன்னா நான் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டேன். அத ஒண்ணும் மறக்கல. ஆனா நீ என்ன வான்னு கூப்ட்டப்போ, இந்த வழியப் பாக்கணும்னு நான் வர்ல. மேல போவணும்னு வந்தேன்."

"மேலயா?"

"கழுகுப்பாறைக்கு."

அன்று மதியம் வீட்டில் இதே பேச்சுதான். நவீன்குமார் பயந்தான். "அக்கா, அது செவப்பு அம்புங்க. நல்லா இருக்கறவங்களே நாக்கு தள்ளிடறாங்க. எதாச்சும் ஆச்சுன்னா?" என்றான். சின்னராஜ் மட்டும், "டோலி கட்டித் தூக்கிப் போய்டலாம்மா, நாலு பேரு போதும்," என்றான்.

"டோலி வாணாம்ணே," என்றாள் சம்பூர்ணம் வெடுக்கென்று. "அதுல புள்ளத்தாச்சி போவணும், இல்ல பொணம் போவணும். மேல கீற கொல்ல வரைக்கும் ஜீப்பு போவுமில்ல? அது வரைக்கும் ஏத்தி வுடுங்க. அப்பால நான் பாத்துக்கறேன்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். மலைத்தோளில் ஊர்க்காரர்கள் சாமை விதைக்கும் கொல்லை வரைக்கும் ஜீப் குலுங்கி ஏறியது. அறுத்து முடித்த தாள் மட்டும் பொன்னிறமாய்க் கிடந்தது. அங்கிருந்து பாஞ்சாலை முன்னால், சம்பூர்ணம் நடுவில், சின்னராஜும் நவீன்குமாரும் பின்னால். முதல் ஏற்றத்திலேயே சம்பூர்ணத்தின் ரவிக்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. கட்டை சறுக்கிய இடத்தில் பாஞ்சாலை காலைக் குறுக்கே கொடுத்து முட்டுவைத்தாள். கைகொடுக்கப் போனவர்களைச் சம்பூர்ணம் திட்டினாள். கேட்டால் மட்டும் கொடுங்கள், கேட்காமல் இழுத்தால் விழுந்துவிடுவேன் என்றாள். நின்றார்கள், உட்கார்ந்தார்கள், வெல்லம் கடித்துத் தண்ணீர் குடித்தார்கள், மறுபடி ஏறினார்கள். வழக்கமாக ஏற்றத்தில் வாய் ஓயாத பாஞ்சாலை அது வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் வெறும் பாறை. ஆனை முதுகு மாதிரி வழவழவென்று சாய்ந்து கிடக்கும். அதில் கட்டை நிற்காது. சம்பூர்ணம் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கட்டைகளை நவீன்குமாரிடம் கொடுத்துவிட்டு, புடவையைச் சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கி ஒரு சாண் மேலே வைத்தாள். மறுபடி ஊன்றினாள், மறுபடி தூக்கினாள். வருஷக்கணக்காகக் கட்டை ஊன்றியே உரமேறிய கைகள் அவை. பாஞ்சாலை அவளுக்குக் கீழே, முகத்துக்கு முகம் பார்த்தபடி, நான்கு காலில் தவழ்ந்து வந்தாள். சறுக்கினால் தன்மேல்தான் சறுக்க வேண்டும் என்று.

"இன்னும் எம்மாந்தூரம்?"

"தோ, வந்துடுச்சி."

"பொய் சொல்றடி."

"ஆமா."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. பாறை நடுவில் ஏறுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பின்னால் வந்த சின்னராஜ், "சிரிச்சினே உருண்டுடாதீங்கம்மா," என்று கத்தினான்.

உச்சியில் காற்று புடவையைப் பிடுங்கியது. சம்பூர்ணம் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தாள். கீழே மலை மடிமடியாக இறங்கிப் போனது. தூரத்தில் காவலூர் தொலைநோக்கியின் வெள்ளைக் கூண்டு. அதற்கும் அப்பால் பனிமூட்டத்துக்குள் ஆலங்காயம், தென்னந்தோப்புகள், நூல் மாதிரி ஒரு ரோடு. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

பாஞ்சாலை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்கா அந்தக் கத்து கத்துனீங்க? தெனமும் நான் ஸ்கூட்டில போற ரோடுடி அது."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று பாஞ்சாலைக்குத் தெரியாது. அவள் தோளை அணைத்துக்கொண்டாள். ஆண்கள் இருவரும் கொஞ்சம் தள்ளிப் போய் எதையோ பார்ப்பது போல் நின்றார்கள். அழுது முடித்ததும் சம்பூர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது, கட்டிட்டு வந்தத எடு," என்றாள். சாமைச் சோறும் பூண்டுத் துவையலும் தின்றார்கள். போகலாமா என்று நவீன்குமார் இரண்டு தரம் கேட்டான். "இருப்பா, இன்னும் கொஞ்சம் ஒக்காரலாம்," என்றாள் அவள். பஸ் ஒன்று ரோட்டில் எறும்பு போல நகர்ந்தது. அது திருப்பம் திரும்பி மறையும் வரைக்கும் பார்த்தாள். அடுத்ததாக ஒன்று வருமா என்றும் காத்திருந்து பார்த்தாள்.

இறங்குவதுதான் ஏறுவதை விடப் பெரிய பாடாக இருந்தது. புடவை பின்பக்கம் முழுக்கத் தேய்ந்து கிழிந்துவிட்டது. உள்ளங்கை இரண்டும் சிவந்துபோயின. ஜீப்பில் வரும்போது பாஞ்சாலை அவள் கையை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். முன் ஸீட்டிலிருந்த நவீன்குமார், செல்போனில் எடுத்த படத்தை விளம்பரத்துக்குப் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "கிழிஞ்ச பொடவ தெரியாம போடு," என்றாள் சம்பூர்ணம். அவன் கடைசி வரைக்கும் போடவில்லை. ஏனென்று பாஞ்சாலை கேட்டதற்கு, "அது அவங்களோடதுங்க அத்த," என்று மட்டும் சொன்னான்.

பாஞ்சாலை இப்போதும் மூன்று வழியிலும் ஆட்களைக் கூட்டிப் போகிறாள். முன்பெல்லாம் ஜீப்பிலிருந்து இறங்குகிறவர்களின் காலையும் வயிற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னாருக்கு இன்ன அம்பு என்று அவளே முடிவு பண்ணிவிடுவாள். இப்போது எங்கே போக ஆசை என்று கேட்கிறாள். சிலர் எது சுலபமோ அதைச் சொல்லுங்கள் என்கிறார்கள். அவர்களைச் சுத்துவழியில் அழைத்துப் போகிறாள். பச்சை அம்பைப் பிடித்து நடக்கும்போது நெல்லி மரத்தடியில் அவளுக்கு இன்னமும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. அந்த நாள்கள் இனித்தது அவளுக்குப் பொய்யில்லை. நாவல் மரத்தடிக்கு வந்ததும் மட்டும் பேச்சை நிறுத்திவிடுகிறாள். வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து ஓய்வெடுக்கிறார்கள். "மேல இன்னா இருக்கு?" என்று யாராவது கேட்டால், "வந்து பாருங்க, இட்டுனு போறேன். நேரம் ஆவும், ஆவட்டும்," என்கிறாள்.