சோமசெற் கார்களின் சொந்தக்காரர்

மாமியின் பதிவேடு புத்தகமாக இருக்கவில்லை. வெளியூர் ரெலிபோன் அழைப்புகளைக் குறித்துவைக்கும் மெல்லிய மஞ்சள் துண்டுகள்தான் அவருடைய பதிவேடு. ஒரு காருக்கு ஒரு துண்டு. துண்டின் மேற்புறத்தில் ‘அழைப்பவர்’, ‘அழைக்கப்படுபவர்’ என்று அச்சிட்டிருக்கும். மாமி அவற்றைப் பேனையால் வெட்டிவிட்டு, முதலாவது இடத்தில் ‘சொந்தக்காரர்’ என்றும் இரண்டாவது இடத்தில் ‘தேவை’ என்றும் எழுதியிருந்தார். என் அப்பாவின் தங்கையான அவர் கிளிநொச்சி ரெலிபோன் இணைப்பகத்தில் ஒபரேட்டராக இருந்தவர். தொண்ணூறில் போர் மூண்டு லைன்கள் அறுந்து இணைப்பகம் செத்துப்போனபோது, கட்டுக்கட்டாகக் கிடந்த அந்தத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புக்கு வந்தபோதும் அவை ஒரு பயணப் பெட்டியில் கூடவே வந்தன.

சோமசெற் என்பது ஐம்பதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்த கார். முன்னும் பின்னும் உருண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆளைப் போலத் தோன்றும். வெளிநாடுகளில் அதை மினுக்கிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பின்னாளில் அறிந்தேன். வன்னியில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. சிறிய போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை எழும்பும். ஏறியவரின் உடுப்பில் அந்த மணம் அடுத்த தோய்ப்பு வரை இருக்கும். வவுனியாவுக்கு இந்தப் பக்கம் எரிபொருளும் உதிரிப்பாகமும் வர அரசாங்கத் தடை. ஆகவே ஒரு சோமசெற் உயிரோடு இருப்பதற்கு இன்னொரு சோமசெற் சாகவேண்டும்.

காலமான மாமா விட்டுப்போன கார் பின் அச்சு முறிந்து முற்றத்தில் நின்றது. எங்கேயோ ஒரு செத்த காரில் நல்ல அச்சு இருக்கும், அந்தக் கார்க்காரருக்கு வேறேதோ தேவைப்படும், இருவரையும் இணைத்துவிட ஆளில்லை என்பதுதான் மாமியின் கவலை. இணைத்துவிடுவது அவருடைய தொழிலாக இருந்தது. புதுக்குடியிருப்பில் நான் வேலை செய்த வாரப்பத்திரிகையில், சோமசெற் வைத்திருப்பவர்கள் நிரப்பி அனுப்ப ஒரு சிறிய படிவத்தோடு ஓர் அறிவித்தல் போடச் சொன்னார். நான் ‘உரிமையாளர்’ என்று எழுதிக் காட்டினேன். மாமி தாளைத் திருப்பித் தந்தார். “இது காணிக் கந்தோர்ச் சொல்லடா. சனம் பயந்து எழுதாது. சொந்தக்காரர் எண்டு போடு.”

எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். பொருளை உடையவரும் சொந்தக்காரர், உறவினரும் சொந்தக்காரர். நிவாரண அட்டையிலிருந்து வவுனியாவுக்குப் போகும் பாஸ் வரை எல்லாப் படிவங்களும் உறவு விபரம் கேட்ட காலம் அது. கார்ப் படிவமும் அதைத்தான் கேட்கிறது என்று சனம் விளங்கிக்கொண்டது. “சொந்தக்காரர்: தங்கச்சி, பிரான்ஸ்” என்று ஒருவர் எழுதியிருந்தார். “பெரியண்ணர், கனடா. கடிதம் போடுறேல்லை” என்று இன்னொருவர். உடையார்கட்டிலிருந்து வந்த பதிலில், “மனுசியின்ரை பக்கம் கனபேர் இருக்கினம், ஆரை எழுத?” என்ற கேள்வி மட்டும் இருந்தது. மாமி கண்ணீர் வரச் சிரித்தார். கடிதத்தின் அடியில் எழுதியவரின் பெயரும் விலாசமும் இருந்தன. யாருடைய கார் எது என்று மாமிக்குத் தெரிந்துவிட்டது. வந்ததை வந்தபடியே துண்டில் எழுதினார். பெயரும் விலாசமும் அடியில் போயின.

அது வேலை செய்தது. ஜெயபுரத்தில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் எஞ்சின் வெடித்த சோமசெற்றில் கோழி அடைத்து வைத்திருந்தார். அந்தக் காரின் பின் அச்சு சாக்கில் சுற்றிச் சைக்கிளில் வந்து மாமியின் காருக்கு ஏறியது. மாமியிடம் மேலதிகமாகக் கிடந்த தண்ணீர்ப் பம்பி முள்ளிவாய்க்கால் சம்மாட்டியாருக்குப் போனது. சம்மாட்டியாரிடம் இரண்டு வள்ளங்களும் ஒரு சோமசெற்றும் இருந்தன. பின் பெட்டியில் மீன், பின் சீற்றில் நோயாளி. பிள்ளைப்பேற்றுக்கு அவசரமாகப் போன பெண்கள் பலர் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் மணத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரும்போதெல்லாம் சம்மாட்டியார், “எக்ஸ்சேஞ்ச் அக்கா, முந்திக் கொழும்புக்கு லைன் தந்தனீங்கள், இப்ப பம்பிக்கு லைன் தாறீங்கள்” என்று சொல்லி ஒரு பாரைமீனை வைத்துவிட்டுப் போவார். பிரான்ஸில் தங்கச்சி இருப்பதாக எழுதியவர் அவர்தான்.

அந்த நாட்களில் வாகனங்களை ஒழுங்குபடுத்த ஒரு குழு இருந்தது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. அவசர நோயாளிகளுக்கு எந்தக் கார் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று சொல்லி ஒருவர் வந்தார். மரியாதையாகக் கதைத்தார், தேநீர் குடித்தார். கேட்டவருக்கு லைன் கொடுப்பதுதான் மாமியின் வழக்கம். துண்டுகளைப் பிரதி பண்ணிக் கொடுத்தார். வெளிநாடு போனவர்களின் சொத்துகளைத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் குழுவிடம் ஒரு விதி இருந்தது. அந்த விதியைப் பற்றி அவர் தேநீர் குடிக்கும்போது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

முதலில் போனது சம்மாட்டியாரின் கார். பெட்டியிலிருந்த மீனை மணலில் இறக்கி வைத்துவிட்டு, காரின் பதிவுப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு ஓட்டிப்போனார்கள். மீனைக் கவனமாக இறக்கினார்கள், ஒன்றும் விழவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதன்முதலில் கோபம் வந்தது. நான் எழுதிய செய்தியில் ‘பறித்தனர்’ என்றிருந்தது. அச்சில் ‘பொறுப்பேற்கப்பட்டது’ என்று வந்தது. அந்தச் சொல்லில் ஆளே இல்லை. கார் தானாகவே போய் யாரிடமோ நின்றுகொண்டது போல இருந்தது.

அந்தக் குழுவின் அலுவலகத்துக்கு மாமியோடு நானும் போனேன். தேநீர் குடித்த அதே மனிதர்தான் மேசைக்குப் பின்னால் இருந்தார். மாமிக்குக் கதிரை தந்தார். துண்டின் பிரதியை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“சொந்தக்காரர் பிரான்ஸில எண்டு நீங்கள் தந்ததிலதானே அம்மா கிடக்கு. இஞ்ச இருக்கிறவர் சும்மா பாத்துக்கொள்ளுற ஆள்.”

“அது அவரின்ரை தங்கச்சி, தம்பி. சொந்தக்காரர் எண்டதைச் சனம் உறவு எண்டு விளங்கி எழுதிப்போட்டுது.”

“எழுதினது எழுதினதுதானே.”

மாமி பிரதியை அவர் பக்கமே திருப்பி வைத்தார். பிறகு, “தம்பிக்குச் சொந்தக்காரர் இருக்கினமோ?” என்று கேட்டார்.

“ஓம், இருக்கினம். வட்டக்கச்சியில.”

“அவையள் உங்களை என்ன விலைக்கு வாங்கினவை?”

பக்கத்து மேசையில் இருந்தவர் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார். கேட்கப்பட்டவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. பிரதியை எடுத்து ஃபைலுக்குள் வைத்து நாடாவைக் கட்டினார். தமிழ் தெரியாத ஒருவர் அந்தத் துண்டைப் பிழையாக வாசித்திருந்தால் அதைப் பிழை என்று சொல்லிவிட்டு நான் மறந்திருப்பேன். இவர் கல்யாண வீட்டில் ‘பெண்ணின்ரை சொந்தக்காரர்’ என்று கேட்டு வளர்ந்தவர். அங்கே வந்தவர்கள் பெண்ணை விலைக்கு வாங்கியவர்கள் என்று ஒருநாளும் நினைத்திருக்கமாட்டார். அவருக்கு விளங்கியது. இரண்டு பொருளும் விளங்கி, கார் கிடைக்கும் பொருளை எடுத்துக்கொண்டார். ஆயுதத்தைக் காட்டிக் கேட்டிருந்தால் அதற்கு ஒரு நேர்மையாவது இருந்திருக்கும். எங்கள் வாயிலிருந்த சொல்லையே எங்களுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, கதிரையும் தந்தார்.

கனடா அண்ணரின் பெயர் எழுதியிருந்த காரும் அந்த மாதமே போனது. அதன் பிறகு கார்க்காரர்கள் மாமியிடம் வந்தார்கள். ஏசுவதற்கு அல்ல, தங்கள் துண்டைக் கிழித்துவிடச் சொல்வதற்கு. ஜெயபுரத்துக் கமக்காரர், கோழிக்கூடாக நின்ற காரின் துண்டைக்கூடக் கேட்டு வாங்கினார். மாமி ஒவ்வொன்றாக எடுத்து அவரவர் கையில் கொடுத்தார். இப்படி ஒவ்வொரு இணைப்பையும் மாமி தன் கையாலேயே துண்டிக்கவேண்டி வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சம்மாட்டியார் கடைசியாக வந்தார். அவருடைய துண்டை மாமி முன்பே எடுத்து வைத்திருந்தார்.

“என்ரையைக் கிழிக்காதேங்கோ அக்கா. புத்தகத்தையும் கொண்டுபோட்டினம். அந்தக் கார் என்ரை எண்டு சொல்ல இனி இது ஒண்டுதான் கிடக்கு.”

மாமி பேனையை எடுத்தார். ‘தங்கச்சி, பிரான்ஸ்’ என்பதன் மேல் கோடு போடப் போனபோது சம்மாட்டியார் கையை நீட்டித் தடுத்தார்.

“அவளையும் வெட்டாதேங்கோ. அவளும் சொந்தம்தானே.”

சம்மாட்டியாரின் பெயரை மாமி அதற்கு மேலே பெரிய எழுத்தில் எழுதினார்.

கார் திரும்பி வரவில்லை. எஞ்சினைச் சூடாக்காமல் மண்ணெண்ணெயில் ஓட்டி அது இறுகிப்போகப் பண்ணிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். பிறகு ஒருநாள் உடையார்கட்டுப் பக்கம் றோட்டோரத்தில் ரயர் இல்லாமல் அது நிற்பதை நானே கண்டேன். போர்நிறுத்தம் வந்து வவுனியாப் பாதை திறப்பதற்கு முன்பே சம்மாட்டியார் காய்ச்சலில் இறந்துபோனார். அவரை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள்.

அண்மையில் லண்டனிலிருந்து தமிழர் ஒருவர் ரெலிபோன் எடுத்தார். உலகத்தில் மிஞ்சியிருக்கும் சோமசெற் கார்களுக்கும் அவற்றின் உரிமையாளர்களுக்கும் ஒரு பதிவேடு செய்கிறாராம். நல்ல மனிதர், ஆர்வத்தோடு பேசினார். சம்மாட்டியாரின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன், எழுதிக்கொண்டார். காரின் நிலை என்னவென்று கேட்டார். படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றனவாம்: ஓடுகிறது, ஓடாமல் நிற்கிறது, கழிக்கப்பட்டது.

“அப்ப, கழிக்கப்பட்டது எண்டு போடவா?” என்று கேட்டார்.

“ஆர் கழிச்சது எண்டு எழுத அதில இடம் இருக்கோ?”

இல்லை என்றார்.

“அப்படியெண்டால் கட்டத்தை வெறுமையா விடுங்கோ. பேரை மட்டும் வடிவா எழுதுங்கோ” என்றேன்.