சாலம்மாள் மிதித்த தரை

மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி மிதிப்பதில் சாலம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. ஈரச் சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினால்தான் மண் ஒட்டாமல் உப்பு வெள்ளையாக விளையும். அவள் மிதித்த பாத்தியில் சோறு கொட்டிச் சாப்பிடலாம் என்பார்கள். மிதித்தவளுக்கு அங்கே ஒரு சாண் இடம் கிடையாது என்பது வேறு கதை. மேட்டோரப் புறம்போக்கில் ஒரு குடிசை, அவ்வளவுதான் சொத்து.

அந்த மேட்டைத் தோண்டத்தான் பேராசிரியர் தட்சணாமூர்த்தி ஆட்களோடு வந்திறங்கினார். ஈராயிரம் வருஷத்துக்கு முன் அங்கே பெரிய பட்டினம் இருந்ததாம். யாருக்குப் பெரிய வீடு, யாருக்குச் சின்ன வீடு என்று அளந்து, அந்தக் காலத்தில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்டுபிடிக்கப் போகிறாராம். பக்கத்திலேயே இருந்த குடிசையை யாரும் அளக்கவில்லை. சாலம்மாளை மண் சுமக்கக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள்.

குடிசையை ஒட்டி ஒரு சின்ன அறை வெளிப்பட்டது.

"வெறும் மண் தரை. யாரோ ஏழை வீடும்மா. திங்கக்கிழமை படம் எடுத்துட்டு மூடிடலாம். உன் குடிசைக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் பேராசிரியர். சாலம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிறு விடிகாலையில் மழை கொட்டித் தீர்த்தது. எட்டிப் பார்த்தால் குழிக்குள் தரை சேறாகக் கிடந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம்யா, நம்மள மாதிரி ஒருத்தன் வூடு," என்று புருஷன் கன்னியப்பனிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். வெயில் ஏற ஏற மிதித்தாள்.

மறுநாள் பேராசிரியர் மண்டியிட்டுத் தரையைத் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

"இது ஏழை வீடே இல்ல. என்ன நேர்த்தி பாருங்க. பெரிய வணிகரோட மாளிகை. மீதி அந்தக் குடிசைக்கு அடியிலதான் இருக்கணும்."

சாலம்மாள் மண் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அய்யா, மழையில ஊறிப்போச்சேன்னு நேத்து நாந்தாங்க மிதிச்சேன்."

பேராசிரியர் சிரித்தார். "ரெண்டாயிரம் வருஷத்துத் தரைம்மா. நீ மிதிச்சா வருமா?"

குடிசையைப் பிரித்தார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அடியில் நண்டு வளைதான் இருந்தது. ஆனாலும் வணிகர் வணிகர்தானே, அறையைச் சுற்றிக் கம்பி வேலியும் பெயர்ப்பலகையும் வந்தன. சாலம்மாளும் கன்னியப்பனும் நாத்தனார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனார்கள்.

அடுத்த மழைக்கு வணிகர் வீட்டுத் தரை மறுபடி சேறானது. பேராசிரியர் பதறிப்போய் அவளுக்கே ஆள் அனுப்பினார். பராமரிப்பு வேலையாம், மழை பெய்தால் கூலி. சாலம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"பாத்து மிதிம்மா. பணக்காரர் வீட்டுத் தரை," என்றார் வேலிக்கு வெளியே குடையோடு நின்ற பேராசிரியர்.

அவள் நிமிரவில்லை. "தெரியுங்க. அந்தக் காலத்துல மட்டும் அவரா மிதிச்சிருப்பாரு?"