ஏழாயிரம் பங்கும் எட்டுப் பேர்ச் காணியும்

இராஜகுமாரி அக்காவின் வேலை கல் நிறுப்பது. இரத்தினபுரியில் ஒரு நகைக் கம்பெனியின் மேல்மாடியில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் சின்னத் தராசுக்கு முன்னால் 1995இல் போய் உட்கார்ந்தார். அப்போது வயது இருபது. கம்பெனியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. கொழும்பில் பெரிய ஹோட்டல்களுக்குள் அதற்கு மூன்று கடைகள் இருந்தன. நீலக்கல் மோதிரம், வைரம் பதித்த கைக்கடிகாரம், இப்படி. அங்கே விற்கிற ஒரு கழுத்து மாலையின் விலைக்கு எங்கள் இறப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயத்தையே புதிதாகக் கட்டிவிடலாம்!

எங்கள் டிவிஷனில் உயர்தரம் வரை படித்த முதல் பெண் பிள்ளை அவர்தான். அப்பா கன்னையா இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அம்மா புஷ்பமும் அதே வேலை. மகள் வெள்ளைச் சட்டையோடு ஏழு மணி பஸ்ஸில் ஏறுவதைப் பார்ப்பதற்காகவே, அந்த நேரத்துக்கு ரோடு தெரிகிற மர வரிசைக்குக் கன்னையா வந்துவிடுவாராம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். இரும்புப் பெட்டிக்குள் எத்தனை தட்டுக் கல் இருக்கிறது என்று வெளியில் யாரிடமும் பேசக்கூடாது. வீட்டிலும் கூடாது. அக்காவுக்கு அது பெரிய கௌரவம். கோயிலில் சத்தியம் செய்தவர் மாதிரி அதைக் காப்பாற்றினார்.

மறு வருடம் கம்பெனி தன் ஆட்களுக்குத் தலைக்கு நூறு பங்கு கொடுத்தது. ஜூலையில் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு காசோலை வந்தது. பங்குக்கு ஒன்றரை ரூபாய்ப்படி நூற்றைம்பது ரூபாய்.

"இது எதுக்குடி குடுத்திருக்காங்க, ஓவர்டைமா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா, பங்கிலாபம். கம்பெனியில நமக்கும் ஒரு துண்டு இருக்குல்ல."

"அப்படியா? அப்ப முதலாளியம்மா, வந்து இந்தத் தேங்காயத் திருவிக் குடுங்க."

அன்றைக்கே அக்காவுக்குப் பங்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கம்பெனியின் ஆண்டறிக்கையை அகராதி வைத்துக்கொண்டு படித்தார். பேப்பரில் பங்கு விலையை வெட்டி ஒட்டினார். மூன்று வருடத்துப் பங்கிலாபம் ஒன்று ஐம்பது, இரண்டு இருபத்தைந்து, மூன்று ஐம்பது என்று ஏறியது. பங்கின் விலையோ இருபது ரூபாயைத் தாண்டவேயில்லை. நூறு ரூபாய் போட்டால் வருடத்துக்குப் பதினேழரை ரூபாய்! பேங்கில் போட்டால் பன்னிரண்டுதான். இவ்வளவு கொடுக்கிற பங்கைக் கொழும்பில் இருப்பவர்கள் ஏன் இவ்வளவு மலிவாக விற்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு அப்போது வரவில்லை. நமக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தார்.

1999 தொடக்கத்தில் கன்னையா ஓய்வு பெற்றார். முப்பத்தெட்டு வருட உழைப்புக்கு ஈ.பி.எப்.பும் சேவைக்காலப் பணமும் சேர்ந்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம் கைக்கு வந்தது. அவருக்கு ஒரே ஆசைதான், சொந்தக் காணி. தோட்டத்தில் லயக் காம்பரா நமதில்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்துப் பேரேடான செக்ரோலில் பேர் பதிந்த தொழிலாளியாக இருக்கும்வரைதான் அது நமக்கு. புஷ்பம் அம்மாவுக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. அதற்குப் பிறகு?

மெயின் ரோட்டோரம் ஒரு வீடு கட்டப் போதுமான எட்டுப் பேர்ச் காணி ஒன்று விலைக்கு வந்தது. எக்கநாயக்க மாத்தயா எம்பிலிப்பிட்டியவுக்குக் குடிபோவதால் விற்கிறார். பேர்ச் பன்னிரண்டாயிரம். "கன்னையா, அவுருத்தட்ட கலின் கியன்ன," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் பதில் வேண்டும். காணி வாங்கிய மிச்சத்தில் அத்திவாரமும் போட்டிருக்கலாம். கணக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

அக்கா அதைத் தடுத்தார்.

"இப்ப காணிய வாங்கினா அத்திவாரத்தோட நின்னுரும்ப்பா. பங்குல போட்டா நாலு வருஷத்துல காணியும் வாங்கலாம், கூரையும் போடலாம். அம்மா ஓய்வு எடுக்குற நேரம் நம்ம வீட்டுக்கே போயிரலாம்."

"நிச்சயமா தெரியுமா புள்ள?"

"மூணு வருஷமா பாக்குறேன். ஒரு வருஷமாவது கொறஞ்சிருக்கா? கூடிக்கிட்டே தானே வருது!"

"ஒங்க கம்பெனிக்காரன் காச தின்னுட்டு ஓட மாட்டானே?" என்றார் அம்மா.

"ஏம்மா, அது என்ன சீட்டுக் கட்டுறதா?"

அந்த மார்ச் கடைசியில் வழக்கம்போல இருப்பெடுப்பு நடந்தது. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தட்டாக நிறுத்துப் பார்த்தது அக்காதான். அவர் சேர்ந்த வருடம் அறுபத்திரண்டு தட்டு இருந்தது. பிறகு ஐம்பத்தைந்து, நாற்பத்தொன்று. இந்த முறை முப்பது. அவர் சந்தோஷப்பட்டார்! கல் போகிறதென்றால் வியாபாரம் நடக்கிறது, அதனால்தான் பங்கிலாபம் ஏறுகிறது என்று முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

இருப்பெடுத்த மறுநாள் கல் தரகர் தாஸிம் அவரைத் தெருவில் பிடித்தார். முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவை கல் பொட்டலத்தோடு கம்பெனிக்கு ஏறி வருகிறவர்.

"புள்ள, ஒண்டு கேக்கட்டா? ஒங்கட கம்பெனி கல்லு வாங்குறத்த விட்டு ஒரு வருஷத்துக்கு மேல. எனக்கிட்டயும் வாங்கல்ல, மத்தவங்கக்கிட்டயும் வாங்கல்ல. அப்ப நகைக்குக் கல்லு எங்கால வருது?"

"அது எனக்குத் தெரியாது தாஸிம் நானா."

"தெரியாதா, சொல்ல ஏலாதா?"

அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டார். தரகுக்கூலி நின்றுபோன வயிற்றெரிச்சல் என்று நினைத்தாராம். கையெழுத்துப் போட்ட வாக்கைக் காப்பாற்றினோம் என்ற பெருமை வேறு.

புத்தாண்டுக்கு நாலு நாளுக்கு முன்னால் கன்னையா மகளோடு கொழும்புக்குப் போய்ப் பங்குத் தரகரின் கந்தோரில் கையெழுத்து வைத்தார். தரகுக்கூலி போக ஏழாயிரம் பங்கு. திரும்பும் வழியில் எக்கநாயக்க மாத்தயாவின் வீட்டுப் படியில் நின்று, "எப்பா மாத்தயா," என்று காணி வேண்டாம் என்பதைச் சொல்லிவிட்டு வந்தார்.

முதல் இரண்டு வருடமும் அக்கா சொன்னபடியே நடந்தது, அதுதான் கொடுமை! 1999இல் நாலு ரூபாய். இருபத்தெட்டாயிரம் ரூபாய்க் காசோலையைக் கன்னையா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்த வருடம் நாலரை ரூபாய். இரண்டு பணத்தையும் அக்கா மறுபடி பங்காகவே மாற்றினார். 2000 மார்ச்சில் பெட்டியில் பதினேழு தட்டுதான் இருந்தது. மிச்சம் கொழும்புப் பெட்டிக்குப் போயிருப்பதாக மேலாளர் சொன்னார். அக்கா நம்பினார்.

2001 ஜூலையில் வந்த கடிதத்துக்குள் காசோலை இல்லை. நாட்டின் நிலைமை, சுற்றுலாப் பயணிகள் குறைவு, இந்த வருடம் பங்கிலாபம் இல்லை. பங்கு ஆறு ரூபாய்க்கு இறங்கியது. தீபாவளிக்கு இரண்டு ரூபாய். அக்கா பழைய ஆண்டறிக்கைகளை எல்லாம் காம்பராத் தரையில் பரப்பி, முன்பு தாண்டிப்போன பக்கங்களைப் படித்தார். பங்கிலாபத்துக்கு இரண்டு வரி மேலேயே இருந்தது: ஒரு பங்குக்குக் கம்பெனி உண்மையில் உழைத்த லாபம். மூன்று ஐம்பது கொடுத்த வருடத்தில் உழைத்தது ஒரு ரூபாய் பத்துச் சதம். நாலரை கொடுத்த வருடத்தில் நாற்பது சதம்! மிச்சம் எங்கிருந்து வந்தது? பழைய கல்லை விற்று, கடன் வாங்கி, பங்கிலாபம் என்று கொடுத்திருக்கிறார்கள். பெரிய பங்குக்காரர்கள் அந்த நேரத்தில் தங்கள் பங்கைச் சத்தமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தார்கள். அது எல்லாமே அச்சில் இருந்தது. யாரும் மறைக்கவில்லை.

"கம்பெனி எப்படி விழுந்திச்சு?" என்று கன்னையா கேட்டபோது, அன்றுதான் முதல் தடவையாக அக்கா பெட்டியைப் பற்றி வாய் திறந்தார். அறுபத்திரண்டு, ஐம்பத்தைந்து, நாற்பத்தொன்று, முப்பது, பதினேழு.

கன்னையா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பன்னண்டாம் நம்பர் மலை ஞாபகம் இருக்கா? கெழட்டு மரம். பிடுங்குறதுக்கு மூணு வருஷம் முன்னுக்கு ஏணி வச்சு ரெண்டு பக்கமும் வெட்டச் சொன்னாரு தோட்டத்துத் தொரை. வாளி பத்தல, அப்படிக் கொட்டிச்சு பாலு. எங்களுக்கும் மேலதிகக் காசு. ஆனா எங்க எல்லாருக்கும் தெரியும், அந்த மரம் செத்த மரம்னு."

"ஏம்ப்பா இத அப்பவே எனக்குச் சொல்லல?"

"நீ எங்க புள்ள கேட்ட? காசு கூடுது, காசு கூடுதுன்னு மட்டும்தான சொன்ன. தட்டு கொறையுதுன்னு ஒரு நாளாவது சொன்னியா?"

அக்கா இதைச் சொல்லும்போது அழவில்லை, கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் தாங்கவில்லை. விஷயம் முழுவதும் ஒரே பத்தடிக் காம்பராவுக்குள் இருந்தது! தட்டு மகளுக்குத் தெரியும், மரம் அப்பாவுக்குத் தெரியும். நடுவில் ஒரு கடதாசிக் கையெழுத்து. அதுவும் யாருக்காக? அடுத்த வருடம் கதவைப் பூட்டி, அக்காவின் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தைக்கூடக் கொடுக்காமல் போன ஒரு கம்பெனிக்காக.

பங்கை எண்பது சதத்துக்கு விற்றார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் கிடைத்தது. காணி அதற்குள் பேர்ச் முப்பதாயிரம். அக்கா பசாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றார். அந்தச் சம்பளம் டவுனில் ஒரு அறை வாடகைக்கும் போதாது.

2003இல் புஷ்பம் அம்மாவின் பேரைச் செக்ரோலிலிருந்து எடுத்தார்கள். அடுத்த வாரம் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. இந்த வீட்டில் பதிந்த தொழிலாளி யாரும் இல்லை, மூன்று மாதத்தில் காம்பராவை ஒப்படைக்க வேண்டும்.

அக்கா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை விடிய, வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு அம்மாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் பேரைப் பதியப் போனார். எப்படியோ தெரிந்து கன்னையாவும் பின்னாலேயே வந்துவிட்டார்.

கணக்கப்பிள்ளை பழனியப்பன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "உயர்தரம் படிச்ச புள்ளைக்கு ஏம்மா இந்த வேல?"

"ஐயா, அவ பேரப் போடாதீங்க," என்றார் கன்னையா. "என் பேரப் போடுங்க. இன்னமும் ஒரு நாளைக்கு முந்நூறு மரம் வெட்டுவேன்."

"ஒங்களுக்கு அறுபத்துநாலு வயசு கன்னையாண்ண. தொரை என்னையத் தொரத்திருவாரு."

"கைக்காசுக்காவது போடுங்க."

"கைக்காசுக்கு நாள்கூலி வாங்குற ஆளுக்குக் காம்பரா இல்லையே."

அக்கா குறுக்கே வந்தார். "அப்பா, வீட்டுக்குப் போங்க. ரெண்டு வருஷம்தான். அதுக்குள்ள நா வேற ஏதாச்சும் பாத்துக்கிறேன். நா சொல்றதக் கேளுங்க."

"ஒருக்கா நீ சொன்னதக் கேட்டேன்ல!" கன்னையா கத்தினார். "போதும்டி! கேட்டது போதும்!"

ஐம்பது பேர் நின்ற இடம். நாலு வருடமாக அவர் மகளை ஒரு வார்த்தை ஏசியதில்லை. அன்றுதான், அத்தனை பேருக்கு முன்னால். சொன்ன உடனேயே அவருக்கே முகம் மாறிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டார். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், நகரவில்லை.

கொஞ்சம் பொறுத்துக் கன்னையாவே கணக்கப்பிள்ளையிடம் சொன்னார், சன்னமாக: "போடுங்க ஐயா. கன்னையா மக இராஜகுமாரின்னு போடுங்க."

பேர் எழுதி முடிகிறவரை அவர் நிற்கவில்லை. காம்பராப் பக்கம் நடந்துவிட்டார். கணக்கப்பிள்ளை அக்காவுக்கு ஏழாம் நம்பர் மலையில் இருநூற்றைம்பது மரம் பிரித்துக் கொடுத்தார்.

அந்த ரெண்டு வருஷம் இப்போது ஆறு வருடமாகிவிட்டது. மரம் முந்நூறாகியிருக்கிறது. காம்பரா இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.