ஆரோக்கியம் மாட்டிய லாக் பின்

புதன்கிழமை காலை அலுவலகத்துக்குப் போன் வந்தது. பேசியவர் என் அக்காவின் கணவர். நம் சிங்கப்பூர் சைக்கிள் சங்கத்துக்கு அன்று செயலாளர், இன்று தலைவர். "ஆரோக்கியம் போயிட்டான்டா. ஹார்ட் அட்டாக்," என்றார். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் அடுத்த வேலையும் வந்துவிட்டது. "நம்ம ஆண்டு மலருக்கு நீதான் எழுதணும். நல்லதா நாலு வரி எழுது லா. நான் படிச்சுக்கூடப் பாக்க வேணாம், நேரா பிரஸ்ஸுக்குக் குடுத்துடு." கொடுத்துவிட்டேன், அத்தான். நாலு வரிக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆரோக்கியத்தைத் தெரிந்திருக்காது. குவீன்ஸ்டவுன் வீட்டிலிருந்து கப்பல் பட்டறைக்குத் தினமும் சைக்கிளிலேயே போய்வந்த ஃபிட்டர். ஒரு நட்டை முடுக்கினால், விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். "கண்ணு பொய் சொல்லும், விரலு சொல்லாது" என்பான். மூன்று வருடம் ஓவர்டைம் பார்த்து வாங்கிய இத்தாலிச் சைக்கிள் ஒன்று அவனிடம் இருந்தது. அதை வீட்டில் கட்டில் ஓரமாக நிறுத்தியிருந்தான். அவன் மனைவி அதைச் சின்ன வீடு என்றுதான் கூப்பிடுவார்.

எழுபதுகளின் கடைசியில் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பந்தயங்களுக்கு நாம் போக ஆரம்பித்தபோது, சைக்கிள்களை ஏற்றிப்போக நல்ல ரேக் ஒன்று தேவைப்பட்டது. அத்தானின் ஸ்டேஷன் வேகனில் படகு இழுப்பதற்காகப் பின்னால் சதுரக் குழாய் ஒன்று முன்பே பொருத்தியிருந்தது. அதில் செருகுகிற மாதிரி உயர்ந்த ரகத்தில் இரண்டு ரேக்குகள் ஜாலான் புசார் கடைக்கு வந்திருந்தன. ஒன்றில் இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும், சைக்கிள்களை அவற்றில் தொங்கவிட வேண்டும். எடை குறைவு, முழுக்கக் குரோமியப் பளபளப்பு. அத்தான் அதன் முன்னால் நின்று தலை வாரிக்கொண்டார். மற்றது கறுப்பு, கனம், அழகில்லை. அதில் சக்கரங்கள் தட்டில் நிற்கும், மேலிருந்து ஒரு கொக்கி டயரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆரோக்கியம் கடைக்காரரிடம் கேட்டு, தன் சைக்கிளை இரண்டிலும் மாற்றி மாற்றி ஏற்றி உலுக்கினான். தொங்கியது ஊஞ்சல் ஆடிப் பக்கத்துச் சைக்கிளில் இடித்தது. தட்டில் நின்றது அசையவில்லை. "தொங்கறது கறிக்கடைக்கு லா, நமக்கு நிக்கறதுதான் வேணும்," என்றான். கடை சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. செயற்குழுவில் கை தூக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் கறுப்பு ரேக் ஜெயித்தது. அந்த ஒரு கை என்னுடையது. அன்று இரவு அக்கா வீட்டில் எனக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆங் மோ கியோவில், அத்தான் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஆரோக்கியம் அந்த ரேக்கை மாட்டினான். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான். குழாய்க்குள் ரேக்கைத் தள்ளி, விரல் நீள எஃகு லாக் பின்னைக் குறுக்கே செருகினான். ஆட்டம் வராமல் இருக்க ஒரு போல்ட்டையும் முடுக்கினான். "போல்ட்டு ஆடாம பாத்துக்கும். புடிச்சு வெக்கறது இந்தப் பின்னுதான்," என்று அத்தானிடம் இரண்டு முறை சொன்னான். தன் சைக்கிளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனான். ஞாயிறு காலை மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஜோகூர் வருவதாக ஏற்பாடு.

ஞாயிறு விடியற்காலை நாங்களே நான்கு சைக்கிள்களை ஏற்றிக் கிளம்பினோம். நான் பின் சீட்டில் இருந்தேன். உட்லண்ட்ஸ் சாலையில் ஒரு மேடுபள்ளத்தில் கார் தூக்கிப்போட்டது. திரும்பிப் பார்த்தால் ரேக் முழுசாகக் கழன்று சாலையில் கிடக்கிறது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் அதில் மோதி விழுந்தார், தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவருக்குப் பின்னால் வந்த லாரி அவரை விட்டு ஒதுங்கி, சைக்கிள்கள் மேல் ஏறியது. ஜோகூரில் எங்களுக்காகக் காத்திருந்த ஆரோக்கியத்திடம் நான்தான் போய்ச் சொன்னேன். "ஆள் பொழச்சுக்குவாரா?" என்று முதலில் கேட்டான். சைக்கிளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அன்று மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். முந்தின நாள் ஆயுத பூசை. சாமி அலமாரியில் பொரி, அவல், திருப்புளி, கத்தரிக்கோல், கார் சாவி. அவற்றுக்கு நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து அந்த லாக் பின்! அத்தான் காரைக் கழுவிப் பூசை போட்டபோது, பளபளவென்று இருக்கிறதே என்று அதையும் உருவிக்கொண்டுபோய்ச் சாமிக்கு வைத்திருக்கிறார். பூசையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாதே, எடுக்கவில்லை. விடியலில் கிளம்பும் அவசரத்தில், மாற்றுச் சாவியைத் தேடி எடுக்கத் தெரிந்தவருக்கு லாக் பின் ஞாபகம் வரவில்லை. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்டா. உங்க அக்கா முகத்தப் பாரு," என்றார். அக்கா முகத்தைப் பார்த்தேன். பின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை செயற்குழு கூடியது. ரேக்கைத் தேர்ந்தெடுத்தவனும் அவன், மாட்டியவனும் அவன், ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தான் என்று அத்தான் மேசையைத் தட்டிப் பேசினார். "பின்னு போட்டேன், விரலால தடவிப் பாத்தேன்," என்றான் ஆரோக்கியம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். த்தூ! இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. அவனைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அடுத்த மாதமே குரோமிய ரேக் வந்தது.

ஆரோக்கியம் சண்டைக்கு வரவில்லை. வேறொன்று செய்தான். ஞாயிறுதோறும் நாம் கூடும் இடத்துக்கு எதிர்க் கோப்பிக்கடையில் பால் இல்லாத தே ஓ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அத்தானையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நாம் கிளம்பிய பிறகுதான் எழுந்திருப்பான். வருடக்கணக்கில் இது நடந்தது. நமக்குப் பழகிப்போனது, அத்தானுக்குப் பழகவில்லை. கூடுமிடத்தை மூன்று முறை மாற்றினார். மூன்று இடத்திலும் எதிரே ஒரு கோப்பிக்கடை இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் அந்தக் கடைக்குப் போய், பின்னை அவன் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். வெகுநேரம் பின்னை விரலால் தடவிக்கொண்டிருந்தான். "நீ கேட்டுட்ட. கேட்டா மன்னிக்கணும்னு கோயில்ல சொல்லிக் குடுத்திருக்காங்க, மன்னிச்சுத்தான் ஆகணும்," என்றான். சங்கத்தில் எழுந்து எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப சொல்லாத. சொன்னா அவன் அழுதுகிட்டு வந்து கால்ல விழுவான். அவனையும் மன்னிக்க வேண்டி வந்துடும். நான் போனதுக்கு அப்புறம் சொல்லு."

அடக்கம் முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, அவன் மனைவி ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை என்னிடம் தந்தார். உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார் என்றார். பக்கத்தில் அத்தான் கையில் மலர்வளையம் இருந்தது. இதை எழுதுவதற்கு முன் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "எழுதுடா. அந்தக் குங்குமத்த வெச்சதே நான்தானே," என்றாள்.

ஆக, ஆரோக்கியத்திடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு லாக் பின். அதன் பள்ளத்தில் குங்குமம் இன்னும் ஒட்டியிருக்கிறது. பார்க்க விரும்புகிற உறுப்பினர்கள் என் வீட்டுக்கு வரலாம். அத்தான், நீங்களும் வரலாம், காபி உண்டு. மன்னிப்புக் கேட்க மட்டும் வராதீர்கள். அதைக் கொடுக்க வேண்டியவன் போய்விட்டான். நீங்களே போன் பண்ணிச் சொன்னீர்களே.