காலி சர்வரும் ஒரு டம்ளர் சத்தமும்

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. அப்போது தி.நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால் குறுகலான மாடிப்படி ஏறினால் வரும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. மயிலாப்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வருகிறவர்களுக்கு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தபடியே கம்ப்யூட்டரை நானாகக் கற்றுக்கொண்டவள்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இனிப்புக் கடை, கல்யாண மண்டபம், ஸ்கேன் சென்டர் என்று பலருடைய இணையதளங்கள் எங்கெங்கோ இருக்கும் சர்வர்களில் ஓடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவற்றைக் கண்காணிக்க வேண்டும். திரையில் பச்சையாக இருந்தால் நலம். சிவப்பானால் படுத்துவிட்டது என்று பொருள். இங்கிருந்தே தட்டி எழுப்ப வேண்டும். அதற்குள் வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்துவிடும். இனிப்புக் கடைக்காரர் ஒருமுறை, "ஏம்மா, கடை தொறந்துதான் கீது, வாசலைக் காணோம்னு ஜனங்க திரும்பிப் போவுதே!" என்றார். ஸ்கேன் சென்டர் அம்மாவோ, "ரிப்போர்ட் வரலைன்னா இங்க உக்காந்திருக்கறவங்களுக்கு இருக்கற நோவு பத்தாதுன்னு இன்னொரு நோவும்மா" என்பார். மனிதர்கள் இப்படிப் பேசுவதைக் கேட்பதற்காகவே எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

ஒவ்வொரு தளத்தையும் இரண்டு சர்வரில் ஓடவிட்டிருப்போம். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும். ஒரு தீபாவளிக்கு முன்னால், இனிப்புக் கடையின் இரண்டு சர்வர்களையும் எங்கள் ஆட்கள் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே சமயத்தில் ரீஸ்டார்ட் செய்துவிட்டார்கள். கடை மொத்தமாக மூடிக்கொண்டது. அன்றைக்கே எங்கள் முதலாளி ஒரு சட்டம் போட்டார். யாரும் தனியாக எந்த சர்வரையும் தொடக்கூடாது. இன்னொருவரை போனில் கூப்பிட்டு, "கை வைக்கட்டா?" என்று கேட்க வேண்டும். அவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "வை" என்று வாயால் சொல்ல வேண்டும். எழுதி அனுப்பினால் செல்லாது, குரல்தான் கணக்கு.

எனக்கு அப்படி "வை" சொல்லும் ஜோடி, சிந்தாதிரிப்பேட்டைக்காரர் ஒருவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் மோட்டார் ரிவைண்டிங் செய்துகொண்டிருந்தவர், என்னைப் போலவே தானாக இந்த வேலைக்கு வந்தவர். காலை ஷிப்டை நான் மயிலாப்பூரில் என் வீட்டிலிருந்தும் அவர் அவருடைய வீட்டிலிருந்தும் பார்ப்போம்.

"பாய், ஸ்கேன் சென்டர் ரெண்டாவது சர்வர் சிவப்பு. கை வைக்கட்டா?"

"இரும்மா, மொதலாவது இன்னா பண்ணுதுன்னு பாத்துக்கறேன். ம்… அது ஜோரா குந்திகினு கீது. நீ வை."

பிறகு சர்வர் எழுந்து வரும் வரைக்கும் ஊர்க்கதை பேசுவோம். வஞ்சிரம் என்ன விலை, அவருடைய மகள் அனுப்பிய பேரன் படம், முதலாளியின் புது மீசை. "அந்த மீசைய ரீஸ்டார்ட் பண்ணாத்தாம்மா சரிப்படும்" என்பார். சர்வர் பச்சையானபின்னும் போனை வைக்க மனம் வராது.

அப்படிப்பட்ட குரலைத்தான் நோய் எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாளாகத் தொண்டை கரகரப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடையாறு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். புற்று என்றார்கள். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு மோசமில்லை, பேச்சு மட்டும் இனி கிடையாது.

இரண்டொரு மாதம் கழித்து, வேலைக்கு வருகிறேன் என்று எழுதி அனுப்பினார். ஓய்வெடுங்கள் பாய் என்று நான் பதில் போட்டேன். "வூட்ல குந்திகினு மூச்சு மட்டும் வுடச் சொல்றியா?" என்று திருப்பி எழுதினார். முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் தயங்கினார். "அவர் வேணாம்னு நான் சொல்வேனாம்மா? நீ கை வைக்கட்டான்னு கேப்ப. அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அதை நீ சரின்னு எடுத்துப்பியா, வேணாம்னு எடுத்துப்பியா?"

நான் பாயிடம் கேட்டேன். மறுநாள் அவரே வழி கண்டுபிடித்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கரண்டியால் தட்டினார். ஒரு தட்டு என்றால் "வை". இரண்டு தட்டு என்றால் "நிறுத்து". நாங்கள் செய்துகாட்டியதைக் கேட்ட முதலாளி, "இது பேச்சை விடத் தெளிவா இருக்கே!" என்றார். பாய் உடனே டம்ளரைத் தடதடவென்று தட்டினார். அது சிரிப்பு. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம் பல மாதங்கள் அப்படித்தான் போயின. இரண்டு பேர் பேசியதை நான் ஒருத்தியே பேசினேன். வஞ்சிர விலையை நானே கேட்டு நானே சொல்லிக்கொள்வேன். இடையிடையே டிங் என்று பதில் வரும். அவருக்கு வேலை இருந்தது, ஆபீஸில் அவர் பெயர் இருந்தது, ஒரு விஷயத்தில் அவருடைய சம்மதம் இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது என்ற நிலை இருந்தது. அவர் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

மழைக்காலம் முடியும் சமயம். ஒருநாள் காலை டம்ளர் சத்தத்தோடு கண்ணாடி வளையல் சத்தமும் கேட்டது. மறுநாளும் கேட்டது. மூன்றாம் தடவை கேட்டபோது, "அக்கா, நீங்களா?" என்றேன்.

அவருடைய மனைவிதான். போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து மெதுவாகப் பேசினார். "கோச்சிக்காதம்மா. திரும்பி வந்துட்ச்சு. இப்ப நுரையீரல்லயாம். வூட்லயே வெச்சிப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. கரண்டி புடிக்க முடியல. அவரு வெரலக் காட்டுவாரு, நான் தட்டுவேன். ஆபீஸ்ல சொல்லிடாத. உன் போன் வரும்னுதான் காலையில மனுஷன் கண்ணத் தொறக்கறாரு."

சொல்லாமல் எப்படி இருப்பது? இங்கே ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக ஜனங்கள் காத்திருக்கிறார்கள். முதலாளியிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அவர் பேர் லிஸ்ட்ல இருக்கட்டும். ஆனா நிஜ சர்வருக்கு வேற ஆளைக் கேளு" என்றார்.

எங்களிடம் ஒரு காலி சர்வர் இருந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் பழகுவதற்காக வைத்திருப்பது. அதில் எந்தக் கடையும் கிடையாது, யாரும் வருவதும் கிடையாது. தினமும் காலையில் நானே அதைப் படுக்க வைப்பேன். பிறகு பாயைக் கூப்பிட்டு, மண்டபத்து சர்வர் சிவப்பாகிவிட்டது, இனிப்புக் கடை சர்வர் திணறுகிறது என்று பதற்றமாகச் சொல்வேன். "கை வைக்கட்டா பாய்?" வளையல் சத்தத்தோடு ஒரு டிங் வரும். எழுப்புவேன். அவர் லேப்டாப்பைத் திறந்தே பல நாளாகிவிட்டது என்று அக்கா சொல்லியிருந்ததால், கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைத்தேன். சொல்லப்போனால், என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்கழி பிறந்துவிட்டது. எங்கள் தெருவில் வாசலெங்கும் கோலம், ஒலிபெருக்கியில் பாட்டு. அதற்கு நடுவே ஒருநாள் கத்தினேன்: "பாய், இன்னைக்கு முகூர்த்த நாள் இல்லையா, மண்டபத்து சைட்டுல ஒரே கூட்டம், சர்வர் தாங்கல. கை வைக்கட்டா?"

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு டம்ளர் தடதடவென்று அதிர்ந்தது. வளையல் சத்தம் இல்லை. அவரே தட்டுகிறார்! எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமலே நானும் சிரித்தேன். கை தெம்பாகிவிட்டது, மனுஷன் தேறிவிட்டார் என்று முதலாளிக்கும் போன் செய்து சொன்னேன்.

தை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். கூவத்தை ஒட்டிய சந்து, மாடியில் ஒற்றை அறையும் சமையற்கட்டும். கணவரை இழந்த பெண்கள் வெளியே வராமலிருக்கும் இத்தாவில் இருந்ததால் அக்கா அந்த அறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். என்னை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரலை வைத்தே கண்டுகொண்டு பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"அது காலி சர்வர்னு அவருக்கு மொத நாளே தெரியும்மா" என்றார், டீயை என் கையில் கொடுத்தபடி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்படிக்கா?"

"நெசமாலுமே சர்வர் படுத்துகினா உனக்கு கொரலு அடங்கிப் போவுமாம். இதுல நீ கூவினியாமே. அப்பறம் ஒருநாள் போன்ல டைப் அடிச்சிக் காட்டினாரு. 'இந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்லக்கூட வரல, மார்கழில முகூர்த்தம்ங்கறா'ன்னு. அன்னிக்குத்தான் கரண்டிய என் கையிலேந்து புடுங்கி அவரே தட்னாரு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்காவும் சிரித்தார். சுற்றியிருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்தச் சிரிப்போடு நான் எழுந்து வந்திருக்கலாம்.

அக்கா குறையாகச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்ல ஆள் கிடைத்ததும் வந்துவிட்டது. "வலிக்கு ஒரு மாத்திர குடுத்தாங்கம்மா. போட்டா அடிச்சிப் போட்டா மாரி தூங்கிடுவாரு. அதனால உன் போன் வந்து போற வரைக்கும் வாய்ல வெக்க மாட்டாரு. 'அது கூப்புட்டு நான் பதில் குடுக்கலன்னா பயந்துடும்'னு எழுதுவாரு. பல்லக் கடிச்சிகினு தலகாணியப் புடிச்சிகினு சாய்ஞ்சி உக்காந்திருப்பாரு. ஒருநாள் நீ ரொம்ப லேட்டாக் கூப்ட்ட பாரு, அன்னிக்குத்தான் ரொம்பத் தவிச்சிப்புட்டாரு."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கோயிலில் பொங்கல் பிரசாதம் கொடுத்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. பாய்தானே, வேலையும் பொய் வேலைதானே, மெதுவாகக் கூப்பிட்டால் போகிறது என்று நின்றேன். தொன்னையில் வாங்கிய பொங்கலை நெய் மணக்க மணக்க நடந்துகொண்டே சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, அப்புறம்தான் போனை எடுத்தேன்.

"ஏன்க்கா எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியே. அவருக்கு அது வேணும்மா." காலி டீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எனக்கும் வேணும். அந்த நேரத்துலதான் இந்த வூட்ல ஒரு மனுஷக் கொரலு கேக்கும்."

கிளம்பும்போது என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "அப்பப்ப போன் பண்ணு" என்றார். கீழே இறங்கிப் பெரிய தெருவுக்கு வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வந்த பஸ்களை எல்லாம் விட்டுவிட்டேன். எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

நான் செய்தது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. அவருக்காகச் செய்கிறேன் என்று நான் நினைத்தேன். இந்தப் பெண்ணுக்காகச் செய்கிறேன் என்று அவர் நினைத்தார். நடுவில் வலியை மட்டும் அவர் ஒருவரே வாங்கிக்கொண்டார். முதலாளியிடம் இதைச் சொன்னபோது, "விடும்மா, நீ கூப்பிடாம இருந்திருந்தா அதுவும் அவருக்கு வலிதான்" என்றார். இருக்கலாம்.

அக்காவுக்கு வாரம் ஒருமுறையாவது போன் செய்கிறேன். உடம்பு முடியாத சொந்தக்காரர்கள், பழைய வாடிக்கையாளர்கள் என்று பலரையும் கூப்பிட்டு விசாரிப்பது என் வழக்கம்தான், அதை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாரை நலம் கேட்க எண்ணை அழுத்தினாலும், எனக்கு ஒரு பதில் சொல்வதற்காக அந்தப் பக்கம் அவர் எதைப் பொறுத்துக்கொண்டு எழுந்து உட்காருகிறாரோ என்ற நினைப்பு, அவர் எடுத்து ஹலோ சொல்வதற்கு முன்பே வந்துவிடுகிறது.