மனைவி பேர் என்ன?

போன புரட்டாசியில், ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில், என் சித்தப்பாவிடம் மிகச் சுலபமான ஒரு கேள்வியைக் கேட்டார்கள்.

"ஐயா, உங்க மனைவி பேர் என்ன?"

சித்தப்பா பக்கத்தில் நின்ற சித்தியைப் பார்த்தார். அப்புறம் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தா நிக்கிறாளே, இவதாங்க."

"அது தெரியுதுங்க. பேரைச் சொல்லுங்க."

"வீட்லதாங்க."

அதிகாரி இளவயதுப் பெண். பேனாவை மூடி வைத்தார். "இவருக்கு ஞாபகம் சரியில்ல போலிருக்கே. புரியாதவர்கிட்ட பவர் எழுதி வாங்கினா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும். டாக்டர் சர்டிபிகேட்டோட வாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சித்தப்பாவுக்கு ஞாபகம் சரியில்லைதான். அதனால்தானே, அவருக்குப் பதிலாகச் சித்தி நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் பவர் எழுதவே போனோம்?

ஆனால் அவர் பேர் சொல்லாததற்குக் காரணம் மறதிதானா? எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சித்தப்பா சித்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நேரில் "இந்தா". மற்றவர்களிடம் "வீட்ல". அவ்வளவுதான். கணவன் பேரை மனைவி சொல்ல மாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். மனைவி பேரைச் சொல்லக் கூச்சப்படுகிற கணவர்களைப் பற்றி யாராவது யோசித்திருக்கிறோமா? உங்கள் வீட்டுப் பெரியவர் கடைசியாக எப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டார்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தியிடம் மெதுவாகக் கேட்டேன். "சித்தி, அவருக்கு உங்க பேர் ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நல்லா ஞாபகம் இருந்த காலத்துலயும் சொன்னதில்லையே."

சித்தப்பாவுக்குத் திருக்காட்டுப்பள்ளி பக்கம் கொஞ்சம் நஞ்சை. ஒரே மகன் பாலு துபாயில். மறதி கொஞ்ச காலமாகவே உண்டு. டிமென்ஷியா, ஆரம்ப நிலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாவி, கண்ணாடி, மாத்திரை என்றிருந்த வரை சித்தி சமாளித்துவிட்டார். ஆடியில் நடந்தது வேறு.

எங்கள் பக்கம் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் முடிந்தது. சித்தப்பா ஒரே வயலுக்கு இரண்டு பேரோடு வெற்றிலை மாற்றிவிட்டார்! இருவரும் சம்பாவுக்கு நாற்றும் விட்டுவிட்டார்கள்.

நல்லவேளை, ஒருவர் விட்டுக்கொடுத்தார். போகும்போது சித்தியிடம், "நான் போறேன் அண்ணி, பரவால்ல. அடுத்த வருஷம் அண்ணன் மூணு பேருக்குக் குடுத்துருவாரு. எல்லாரும் என்ன மாதிரி போயிட மாட்டாங்க. இனிமே குத்தகைய நீங்க பேசுங்க" என்றார்.

"நான் பேசினா செல்லுமா? நிலம் அவர் பேர்ல இருக்கே..."

அந்த வயல்தான் இருவருக்கும் சாப்பாடு. அது வழக்கில் மாட்டினால் அடுத்த போகம் தரிசுதான். சித்தியின் கவலை அது. அப்படித்தான் வக்கீலிடம் போனோம்.

"பவர் எழுதிட்டா, பின்னாடி அவர் எப்படி ஆனாலும் நான் பாத்துக்கலாம் இல்லீங்களா?" என்று சித்தி கேட்டார்.

"இல்லீங்கம்மா. குடுக்கிறவருக்கு விஷயம் புரியற வரைக்கும்தான் பவருக்கு உயிர். அவருக்குச் சுத்தமாப் புரியாமப் போயிட்டா பவரும் போயிடும். அப்புறம் கார்டியன்னு கோர்ட்லதான் உத்தரவு வாங்கணும்."

எனக்கு ஆச்சரியம். எப்போது ரொம்பத் தேவையோ அப்போது செல்லாது! மழை வலுத்ததும் தானாக மடங்கிக்கொள்கிற குடையை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேட்டேன்.

வக்கீல் சிரித்தார். "தூறல்ல நனையாம இருக்கலாமே சார். பேங்க் கணக்கை இப்பவே ஜாயிண்ட்டா மாத்திடுங்க. குத்தகை பேசறது, வசூல் பண்றது, இதுக்குப் பவர். அதையும் அவர் புரிஞ்சு குடுக்கணும். சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டுப் போகாதீங்க."

அதனால்தான், "ஒரு பேர்தானேம்மா... ரெண்டு நாள் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டுப் போயேன்" என்று, பதிவு நடக்காமல் நாங்கள் திரும்பி வந்த பிறகு பாலு போனில் சொன்னபோது சித்திக்குக் கோபம் வந்தது.

"என் பேர நானே உங்கப்பாவுக்கு மனப்பாடம் பண்ண வைக்கணுமா? அவர் ஒப்பிச்சா, அது அவர் குடுத்ததாடா? நான் எடுத்துக்கிட்டதுல்ல?"

"சரிம்மா, டாக்டர்கிட்டயே போங்க" என்றான் பாலு.

தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது: "இன்னிக்கு என்ன தேதி?"

"தேதியெல்லாம் இவன்கிட்ட கேளுங்க" என்று சித்தப்பா என்னைக் காட்டினார். நியாயம்தான். கல்லணை திறந்த நாள், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்த நாள் என்று தேதி தேதியாக டைரியில் குறித்து வைக்கிறவன் நான். சித்தப்பாவுக்கு எந்தக் காலத்திலும் இங்கிலீஷ் தேதி தெரியாது. தெரியாததை மறக்க முடியுமா? டாக்டரும் இதை யோசித்திருக்க வேண்டும். பேச்சை மாற்றினார்.

"பவர் குடுத்தா என்னங்க ஆகும்?"

"குத்தகைய அவ பேசுவா. நான் பேசினா ரெட்டையாப் போவுது." கொஞ்சம் நிறுத்தி, "விக்கறதுக்கு மட்டும் கெடையாது" என்றார்.

டாக்டர் பக்கத்தில் கிடந்த பத்திர நகலைப் புரட்டினார். விற்கும் அதிகாரம் அதில் இல்லைதான். சர்டிபிகேட் கிடைத்தது.

ஐப்பசியில் மறுபடியும் அதே அலுவலகம். அதே அதிகாரி. சர்டிபிகேட்டை நிதானமாகப் படித்துவிட்டு, "இருந்தாலும் நானும் கேட்டாகணும்" என்று அதே கேள்வியில் வந்து நின்றார்.

சித்தப்பா மறுபடியும் சிரித்தார்.

சித்தி இந்தத் தடவை வாயைத் திறந்தார். "எங்க வீட்ல பேர் சொல்லிப் பழக்கமில்லீங்க. மறந்துட்டாரா, கூச்சப்படறாரான்னு எனக்கே தெரியல."

அதிகாரி ஒரு நிமிஷம் யோசித்தார். வெள்ளைத்தாள் ஒன்றை நகர்த்தினார். "சொல்ல வேணாங்க ஐயா. எழுதுவீங்களா?"

சித்தப்பா பேனாவை வாங்கினார். தாளைப் பார்த்தார். எழுதவில்லை. சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரியாது என்று ஆகிவிட்டால் அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

பேனா நகர்ந்தது. கோணல் எழுத்துதான். ஆனால் முழுசாக.

'சௌ. மங்கையர்க்கரசி.'

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சௌபாக்கியவதி ஆதார்ல இல்லீங்களே ஐயா?"

"வெறும் பேரா எழுதினா மொட்டையா இருக்குங்க." கல்யாணப் பத்திரிகையில் இருந்தபடி எழுதியிருக்கிறார்!

பவர் எதற்கு என்ற கேள்விக்கும் டாக்டரிடம் சொன்னதையே சொன்னார். விக்கறதுக்குக் கெடையாது என்பது உட்பட. பதிவு முடிந்தது.

பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா கேட்டார். "இன்னிக்கு எதுக்கு வந்தோம்?"

"பவர் எழுத" என்றார் சித்தி.

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

"அப்ப சரியாத்தான் பண்ணியிருக்கேன்."

புரிவது என்பது என்ன? புரிந்த பிறகு அது நினைவில் தங்கவும் வேண்டுமா? கையெழுத்துப் போட்ட நேரத்தில் புரிந்தால் போதும் என்கிறது சட்டம். எனக்கென்னவோ, பஸ் ஸ்டாண்டிலும் அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். கொல்லைப் பக்கமிருந்து சித்தப்பா குரல் வந்தது.

"மங்கையர்க்கரசி..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரு வாரமா இப்படித்தான்" என்றார் சித்தி. "பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்ப்பா... என் பேர் நல்லா ஞாபகம் வந்துடுச்சா? இல்ல, பேர் சொல்லக் கூடாதுங்கறது மறந்து போச்சா?"

எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியுமா என்பது சந்தேகம்.

மறுபடியும் குரல் வந்தது. சித்தி எழுந்தார். கொஞ்சம் மெதுவாகத்தான் போனார் — இன்னொரு தடவை கூப்பிடட்டுமே என்பது போல.